'லண்டன் காலிங்' எந்தப் பத்தாண்டின் ஆல்பம்? ரோலிங் ஸ்டோனின் எண்பதுகள் பட்டியல்: ஒரு நிகழ்வு ஆய்வு

1989 நவம்பரில் அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை எண்பதுகளின் மிகச் சிறந்த 100 ஆல்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. முதலிடம் இங்கிலாந்தின் பங்க் ராக் குழுவான தி கிளாஷின் 'லண்டன் காலிங்'. அந்த இசைத்தட்டு இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்த தேதி 1979 டிசம்பர் 14. எண்பதுகள் பிறக்கவே அப்போது இரண்டு வாரத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

இந்தப் பட்டியலைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் முதலில் கிளம்புவது இந்தத் தேதிச் சண்டைதான். எழுபதுகளின் தட்டுக்கு எண்பதுகளின் மகுடமா என்று ஒரு கட்சி. அமெரிக்காவில் வந்தது 1980 ஜனவரியில்தானே என்று மறு கட்சி. இரண்டு கட்சியும் தவறான இடத்தில் நின்று மல்லுக்கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். தேதி விஷயத்தில் பத்திரிகை செய்தது சரி. அது சறுக்கிய இடம் வேறு: பட்டியலின் எண் 74.

முதல் பத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம். 'லண்டன் காலிங்'குக்கு அடுத்து பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்', யூ2வின் 'தி ஜோஷ்வா ட்ரீ', டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்', பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்', புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.'. ஏழில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்', எட்டில் ஆர்.ஈ.எம். குழுவின் 'மர்மர்'. ஒன்பதில் ரிச்சர்ட், லிண்டா தாம்சன் தம்பதியின் 'ஷூட் அவுட் த லைட்ஸ்'. பத்தாவது, டிரேசி சாப்மன் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பம்.

'த்ரில்லர்' ஏழாம் இடமா என்று யாரும் புருவம் உயர்த்துவார்கள். அமெரிக்கப் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 37 வாரம் முதலிடத்தில் இருந்த தட்டு அது. ஆனால் 1983இன் சிறந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தபோது இதே பத்திரிகையின் விமர்சகர்கள் 'த்ரில்லரை'த் தள்ளிவிட்டு 'மர்மரை'த்தான் முதலில் வைத்தார்கள். ஆறு ஆண்டு கழித்து அதே இரண்டும் 7, 8 என்று அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, இடம் மட்டும் மாறி. ஒரு படி இறங்கி வருவதற்கு அவர்களுக்கு ஆறு வருஷம் பிடித்திருக்கிறது. அதற்குள் உலகம் எங்கோ போய்விட்டது.

தேதி வழக்கு

முதலில் பத்திரிகையின் பக்கம் நின்று பார்ப்போம். ரோலிங் ஸ்டோன் அமெரிக்கப் பத்திரிகை. அதன் விமர்சகர்களும் வாசகர்களும் தட்டு வாங்கிய கடைகளும் அமெரிக்காவில். அங்கே 'லண்டன் காலிங்'கை எபிக் நிறுவனம் வெளியிட்டது 1980 ஜனவரியில். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை ஆண்டுதோறும் அமெரிக்க விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி வந்தது. 1980ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் முதலில் வந்ததும் 'லண்டன் காலிங்'தான். அப்போது யாரும் இதைப் பெரிய மோசடி என்று சொல்லவில்லை. 'த்ரில்லர்' 1982 நவம்பர் கடைசியில் வந்த தட்டு, ஆனால் 1983இன் கணக்கில்தான் 'மர்மரோடு' மோதியது. ஆண்டுக் கடைசியில் வரும் தட்டை அடுத்த ஆண்டின் கணக்கில் சேர்ப்பது அந்தத் தொழிலில் பழகிப்போன வழக்கம்.

இதற்கு இன்னும் நல்ல சாட்சி அட்டையிலேயே இருக்கிறது, அல்லது அட்டையில் இல்லை என்று சொல்ல வேண்டும். 'லண்டன் காலிங்'கின் முதல் அச்சு கையில் கிடைத்தால் பின்னட்டையில் பாடல்களை எண்ணிப் பாருங்கள்: 18. தட்டில் இருப்பது 19. கடைசிப் பாட்டான 'டிரெயின் இன் வெயின்' அட்டை அச்சுக்குப் போன பிறகு சேர்ந்தது. ஒரு வாரப் பத்திரிகையோடு இலவசமாகத் தர நினைத்து, அது நடக்காமல் போனதால் தட்டின் கடைசியில் ஏறிய பாட்டு. குழுவின் கிட்டார்காரர் மிக் ஜோன்ஸ் பாடிய அந்தப் பெயரில்லாப் பாட்டுத்தான் 1980இல் அமெரிக்க வானொலிகளில் ஓடி, பில்போர்டு தனிப்பாடல் பட்டியலில் 23 வரை ஏறியது. கிளாஷை அமெரிக்கப் பொதுஜனம் தெரிந்துகொண்டது அதன் வழியாக. ஆக, அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்தத் தட்டின் வாழ்க்கை 1980இல்தான் தொடங்குகிறது.

எதிர்க் கட்சியின் வாதம் லேசானதல்ல. ஒலிப்பதிவு நடந்தது 1979இல், வட லண்டனின் ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஸ்டூடியோவில். தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ், குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைத் தூக்கி எறிந்து சூடேற்றுகிற ஆள். அட்டைப் படத்தில் குழுவின் பால் சிமனான் தன் பேஸ் கிட்டாரை மேடையில் ஓங்கி அடிப்பது 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம் அரங்கில். படம் எடுத்த பென்னி ஸ்மித்துக்கு அதை அட்டையில் போடவே விருப்பமில்லை, ஃபோகஸ் சரியாக இல்லை என்று. ஓவியர் ரே லௌரி அதை எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பம் மாதிரியே இளஞ்சிவப்பும் பச்சையுமான எழுத்துகளில் வடிவமைத்தார். தலைப்புப் பாட்டில் வரும் அணு விபத்துப் பயம் அந்த வருஷம் மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தின் பயம். ஆக, தட்டில் உள்ள ஒவ்வொரு விநாடியும் எழுபதுகளில் உண்டானது. அமெரிக்க இணைய இசை இதழான பிட்ச்ஃபோர்க் 2004இல் எழுபதுகளுக்கான தன் பட்டியலைப் போட்டபோது 'லண்டன் காலிங்' அதில் இரண்டாமிடம். முதலில் டேவிட் போவியின் 'லோ'. ஒரே ஆல்பம், இங்கே எண்பதுகளின் முதல், அங்கே எழுபதுகளின் இரண்டாவது.

எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. ஒன்று தட்டு பிறந்த தேதியைப் பார்க்கிறது, மற்றது அது தன் வாசகர்களிடம் வந்து சேர்ந்த தேதியைப் பார்க்கிறது. எந்த விதியாக இருந்தாலும் ஒரே மாதிரிப் பிடித்தால் போதும். பத்தாண்டு என்பது 1981இல் தொடங்கி 1990இல் முடிவது என்று சொல்கிற கணக்கு வாத்தியார்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டால் கிளாஷ் மட்டுமல்ல, 1980 அக்டோபரில் வந்த 'ரிமெய்ன் இன் லைட்'டும் வெளியே போக வேண்டும். பட்டியலில் 18ஆவதாக இருந்த பிரின்ஸின் 'டர்ட்டி மைண்ட்'டும் போக வேண்டும். எண்பதுகளின் ஒலியை அந்த இரண்டும் எவ்வளவு தூரம் தீர்மானித்தன என்று கேட்டவர்கள் அந்தக் கணக்கைத் தொடமாட்டார்கள்.

வாசலில் நிற்பவருக்கு மாலை

தேதியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததில் வேறொன்று கண்ணில் பட்டது. ரோலிங் ஸ்டோன் பிற்பாடு போட்ட பத்தாண்டுப் பட்டியல்களின் முதலிடங்களை வரிசையாக வையுங்கள். தொண்ணூறுகளுக்கு நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்': 1991 செப்டம்பர். இரண்டாயிரங்களுக்கு ரேடியோஹெட்டின் 'கிட் ஏ': 2000 அக்டோபர். அதற்கடுத்த பத்துக்குக் கான்யே வெஸ்டின் 'மை பியூட்டிஃபுல் டார்க் ட்விஸ்டட் ஃபேன்டசி': 2010 நவம்பர். நான்கு பத்தாண்டிலும் முதலிடம் போனது முதல் இரண்டு வருஷத்துக்குள் வந்த ஆல்பத்துக்கு.

இது தற்செயலாகவும் இருக்கலாம், நான்கே நான்கு உதாரணம்தானே. பிட்ச்ஃபோர்க்கில் இந்தப் போக்கு இல்லை. எண்பதுகளுக்கு அவர்கள் 2002இல் முதலில் வைத்தது 1988இல் வந்த சோனிக் யூத்தின் 'டேட்ரீம் நேஷன்'; 2010களுக்கு வைத்தது 2016இல் வந்த ஃபிராங்க் ஓஷனின் 'பிளாண்ட்'. ஆனாலும் ரோலிங் ஸ்டோன் போன்ற பழைய வீட்டில் இது நடப்பதற்குக் காரணம் சொல்ல முடியும். பத்தாண்டின் தொடக்கத்தில் வந்த தட்டுக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வாரிசுகள் வந்துவிடுகிறார்கள். 1980இல் கிளாஷைக் கேட்ட பையன் 1984இல் குழு தொடங்கி, 1987இல் பேட்டி கொடுத்து, அதில் கிளாஷின் பெயரைச் சொல்லியிருப்பான். 1988இல் வந்த தட்டுக்கு அப்படிச் சாட்சி சொல்ல 1989இல் ஆள் கிடையாது. இந்தப் பட்டியலோ பத்தாண்டு முடியும் முன்பே அச்சாகிவிட்டது. 'டேட்ரீம் நேஷன்' அதில் 45ஆவது. வெளிவந்து ஓராண்டே ஆன தட்டுக்கு அது மோசமான இடமும் இல்லை.

கிளாஷின் வாரிசுகளைப் பற்றிப் பேசும்போது நமக்கு நெருங்கிய ஒருவரை விட முடியாது. ஈழத் தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்து லண்டனில் வளர்ந்த மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு, கிளாஷின் 1982ஆம் ஆண்டுப் பாட்டான 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'லின் இசைத் துணுக்கின் மேல் எழுப்பியது. தாயின் பெயரைத் தாங்கிய அந்த ஆல்பத்தின் சில பாட்டுகளில் சென்னையில் பதிவான உறுமி கேட்கும். ரோலிங் ஸ்டோனின் இரண்டாயிரங்கள் பட்டியலில் 'கலா' ஒன்பதாம் இடம். 1989இன் முதல் பத்தில் ஆப்பிரிக்க இசைக்கலைஞர்களின் வாசிப்பு வந்தது நியூயார்க்காரர் பால் சைமனின் பெயரைத் தாங்கி, 'கிரேஸ்லேண்ட்' வழியாக. இருபது வருஷத்தில் உறுமிக்காரர்களைக் கூட்டிவந்தவர் பெயரும் முகமும் நம் பக்கத்து ஆளாக மாறியிருந்தது.

எண் 74

பிரின்ஸ் இந்தப் பட்டியலில் நான்கு இடத்தில் இருக்கிறார். 'பர்ப்பிள் ரெயின்' 2, '1999' 16, 'டர்ட்டி மைண்ட்' 18. நான்காவது, 1987இல் வந்த 'சைன் ஓ த டைம்ஸ்'. அதன் இடம் 74.

இதை 'லண்டன் காலிங்' பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இரண்டும் இரட்டைத் தட்டு. இரண்டுமே கம்பெனியோடு இழுபறியில் உருவானவை. கிளாஷ் இரட்டைத் தட்டு கேட்டதற்கு அவர்களுடைய கம்பெனியான சி.பி.எஸ். மறுத்து, வேண்டுமானால் ஒரு 12 அங்குலத் தட்டை இலவசமாகச் சேர்க்கலாம் என்றது. இவர்கள் அந்த இலவசத் தட்டில் ஒன்பது பாட்டை ஏற்றி, இரண்டையும் ஒற்றைத் தட்டின் விலைக்கே விற்க வைத்தார்கள். பிரின்ஸோ மூன்று தட்டுத் தொகுதியாகக் கொண்டுபோனார். வார்னர் பிரதர்ஸ் குறைக்கச் சொன்னதால் இரண்டு தட்டும் 16 பாட்டும் ஆனது.

'லண்டன் காலிங்'கைப் புகழ்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் என்ன? பங்க் என்ற ஒற்றைச் சத்தத்தை உடைத்து ரெக்கே, ஸ்கா, ராக்கபில்லி, ஜாஸ் என்று எல்லாத் தெருவிலும் நடந்து பார்த்தது. சரி. 'சைன் ஓ த டைம்ஸ்' எந்தத் தெருவில் நடக்கவில்லை? ஃபங்க், காஸ்பெல், சைக்கடெலிக் பாப், மேடைக் கச்சேரியிலிருந்து எடுத்த ஒன்பது நிமிஷ ஆட்டம், டிரம் மெஷினும் ஒரு குரலும் முன்னே நிற்கும் தலைப்புப் பாட்டு. அந்தத் தலைப்புப் பாட்டு எய்ட்ஸில் தொடங்கி, வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தையும் தொட்டுப் போகிறது. எண்பதுகளைப் பற்றி எண்பதுகளிலேயே எழுதிய பாட்டு என்றால் இதுதான்.

பெரும்பாலான வாத்தியங்களைப் பிரின்ஸ் ஒற்றை ஆளாக வாசித்தார். 'இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்ஃபிரெண்ட்' பாட்டில் குரலின் வேகத்தைக் கூட்டி, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு குரலை உண்டாக்கினார். அந்தப் பதிவின்போது ஒலிப்பொறியாளர் சூசன் ராஜர்ஸ் மைக்கின் அளவைத் தவறாக வைத்துவிட, குரல் லேசாக உடைந்து பதிவாகிவிட்டது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். பிரின்ஸ் அதை அப்படியே விட்டுவிட்டார். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், உரசல் தெளிவாகக் கேட்கும். அந்த உரசல் இல்லாமல் அந்தப் பாட்டை இனி யோசிக்கவே முடியாது.

1987இல் 'வில்லேஜ் வாய்ஸ்' வாக்கெடுப்பில் அமெரிக்க விமர்சகர்கள் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். அதே வருஷத்தில் வந்த 'தி ஜோஷ்வா ட்ரீ' ரோலிங் ஸ்டோன் பட்டியலில் 3, இது 74. ஒரே கலைஞருக்கு நிறைய இடம் கொடுக்க வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் முதல் இருபதுக்குள் மூன்று ஏன்?

என் ஊகம் இது: பத்திரிகைக்குள் இருந்தவர்களே கூடித் தேர்ந்தெடுத்த பட்டியல் அது. அவர்கள் வளர்ந்தது அறுபது, எழுபதுகளின் ராக் இசையில். 'பர்ப்பிள் ரெயின்' அவர்கள் மொழியில் பேசுகிறது: நீண்ட கிட்டார் தனிவாசிப்பு, பக்கத்தில் குழு, அரங்கம் கொள்ளும் சத்தம், கூடவே 24 வாரம் முதலிடம். 'சைன் ஓ த டைம்ஸ்' அந்த மொழியில் பேசவில்லை. முதலிடத்துக்குக் கிளாஷ் வந்ததும் அதே கதவு வழியாகத்தான். எல்விஸின் அட்டையைக் கிண்டலாகவும் பக்தியாகவும் நகல் எடுத்த தட்டு அது. ராக் செத்துவிடவில்லை என்று அவர்களுக்குச் சொன்ன தட்டு. அது மகத்தான ஆல்பம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, 'லாஸ்ட் இன் த சூப்பர்மார்க்கெட்'டை இன்றும் திரும்பத் திரும்பக் கேட்பவன் நான். ஆனால் அதை முதலில் வைத்த மனசும் இதை 74இல் வைத்த மனசும் ஒன்றே.

ஹிப் ஹாப் விஷயத்தில் அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பப்ளிக் எனிமியின் 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்' வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நிலையில் 12ஆம் இடம் கொடுத்தது துணிச்சல்தான்.

வாக்காளர் மாறினால்

2003இல் ரோலிங் ஸ்டோன் எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களுக்கு 273 பேரிடம் வாக்குக் கேட்டது. 'லண்டன் காலிங்' 8, 'த்ரில்லர்' 20, 'ஜோஷ்வா ட்ரீ' 26, பப்ளிக் எனிமி 48, 'பர்ப்பிள் ரெயின்' 72, 'சைன் ஓ த டைம்ஸ்' 93. பதினான்கு வருஷம் போயும் வரிசையின் குணம் அதேதான், 'பர்ப்பிள் ரெயி'னுக்கு இன்னும் மோசம். 2020இல் இளையவர்களையும் பாப், ஹிப் ஹாப் கலைஞர்களையும் நிறையச் சேர்த்து, 300க்கு மேற்பட்டவர்களிடம் புதிதாகக் கேட்டார்கள். இப்போது 'பர்ப்பிள் ரெயின்' 8, 'த்ரில்லர்' 12, பப்ளிக் எனிமி 15, கிளாஷ் 16, 'சைன் ஓ த டைம்ஸ்' 45. 'ஜோஷ்வா ட்ரீ' 135க்குப் போய்விட்டது. இதற்கு இரண்டு வருஷம் முன்பே பிட்ச்ஃபோர்க் தன் எண்பதுகள் பட்டியலைத் திருத்திப் போட்டு, 'டேட்ரீம் நேஷ'னை இறக்கி 'பர்ப்பிள் ரெயி'னை முதலில் வைத்திருந்தது. பழைய பட்டியல் குறுகிய பார்வையோடு போட்டது என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

யூ2வுக்கு 135 என்பது கொஞ்சம் அநியாயம், அது தனிச் சண்டை.

ஆனால் பெரிய வாக்கெடுப்புதான் நியாயம் என்றும் நான் சொல்லமாட்டேன். 1989 பட்டியலின் ஒன்பதாம் இடத்தைப் பாருங்கள். 'ஷூட் அவுட் த லைட்ஸ்' 1982இல் தயாரிப்பாளர் ஜோ பாய்டின் ஹானிபல் என்ற சின்ன நிறுவனத்திலிருந்து வந்தது. ஒருமுறை முழுதாகப் பதிவு செய்த பாட்டுகளை வெளியிட ஆளில்லாமல், மறுபடி குறைந்த செலவில் பதிவு செய்தார்கள். லிண்டா அப்போது கர்ப்பிணி. தட்டு வெளிவந்த சமயத்தில் திருமணம் உடைந்துவிட்டது. அப்படியும் இருவரும் சேர்ந்து அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய், தங்கள் பிரிவைப் பற்றியது போலவே ஒலிக்கும் அந்தப் பாட்டுகளை ஒரே மேடையில் பாடினார்கள். விற்பனை பெரிதாக இல்லை, தனிப்பாடல் வெற்றி எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் வாக்களித்த 2003 பட்டியலில் அது 333ஆவது. எல்லோருக்கும் கொஞ்சம் தெரிந்த ஆல்பங்களைத்தான் வாக்கெடுப்பு மேலே தூக்கும். இந்த மாதிரி ஒரு தட்டை 'த்ரில்ல'ருக்கு இரண்டு இடம் கீழே கொண்டுவந்து வைக்க, ஒரு சின்ன அறையில் பிடிவாதமான சிலர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் என் கையில் பேனா கொடுத்தால் முதலிடத்தில் 'சைன் ஓ த டைம்ஸ்', அடுத்து பப்ளிக் எனிமி, மூன்றில் கிளாஷ். 'ஜோஷ்வா ட்ரீ' பத்துக்கு வெளியே போகலாம். ஒன்பதாம் இடத்தை நான் தொடமாட்டேன்.